"நமக்கு" என்றால் யார் யார்?

நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் இரண்டு தவணையாகப் படியுங்கள். படிக்காமலே கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போவது மட்டும் வேண்டாம்.

பத்து நாட்களாக நம் குடும்பக் குழுவிலும், 1994 எட்டாம் வகுப்பு செட் குழுவிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மூன்றில் இரண்டு பேருக்குத் தோல் புற்றுநோயாம். அவர்கள் சன்ஸ்கிரீன் பூசுவதுதான் காரணமாம். வெயிலில் ஏர் பிடித்த நம் தாத்தாவுக்கு வராதது அவர்களுக்கு வருகிறதாம். கறுப்புத் தோல் கடவுள் கொடுத்த கவசம், நமக்கெல்லாம் அது வராது, பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று முடிகிறது. அனுப்பியவர்களில் இரண்டு இன்ஜினியர்கள், ஒரு வங்கி மேலாளர், என் கூடப்பிறந்த தம்பி ஆகியோர் அடக்கம்.

இதற்குப் பதிலடியாக, பேத்தி முறையாகும் பெண் ஒருத்தி ஒரு வீடியோவைப் போட்டாள். அதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அதே "மூன்றில் இரண்டு" கணக்கைச் சொல்லி, தினமும் இந்தக் களிம்பைப் பூசாவிட்டால் உங்களுக்கும் அதே கதிதான் என்று பயமுறுத்துகிறார். களிம்பின் விலை கடைசியில் வருகிறது. பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கட்சி "கவலையே வேண்டாம்" என்கிறது. இன்னொரு கட்சி "கவலைப்படு, காசை எடு" என்கிறது. இரண்டு கட்சியும் அந்த எண்ணை அது பிறந்த இடத்தில் வைத்துப் படிக்கவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியை. ஆனால் ஒரு கணக்கைக் கொடுத்தால் அதில் என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது, என்ன கேட்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள். அதை இங்கேயும் செய்வோம்.

முதலில் ஆஸ்திரேலியா. அங்கே 70 வயதுக்குள் குறைந்தது மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்று கண்டுபிடிக்கப்படும் என்பது உண்மைதான். அந்த நாட்டுப் புற்றுநோய் அமைப்பே சொல்லிவரும் கணக்கு அது. அங்கே தோல் மருத்துவர் ஒருவரிடம் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால், வருகிறவர்களில் பலர் நடுவயது தாண்டிய வெள்ளைக்காரர்களாக இருப்பார்கள். நெற்றியில், வழுக்கைத் தலையில், காது மடலில், புறங்கையில் சொரசொரப்பான திட்டுகள் இருக்கும். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவினால்தான் நன்றாகத் தெரியும், உப்புத்தாளைத் தொட்ட மாதிரி. அதற்கு ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்று பெயர். பல வருட வெயில் தோலில் எழுதிவைத்த கடன் கணக்கு அது. இன்னும் புற்று ஆகவில்லை, ஆகக்கூடும். ஒவ்வொரு திட்டாகப் பார்த்தால் புற்றாக மாறும் வாய்ப்பு குறைவுதான், சிலது தானாகவே மறைந்தும் போகும். ஆனால் ஒருவர் உடம்பில் பத்து, இருபது என்று இருக்கும்போது அலட்சியமாக விட முடியாது. அதனால் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சி உறையவைத்து உதிர்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இந்தத் திட்டு உள்ளவர்கள் 5 கோடியே 80 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தோல் மருத்துவரிடம் அங்கே மக்கள் போவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

இதற்கு அடுத்த படிகளில்தான் புற்றுகள் வருகின்றன. பேசல் செல் கார்சினோமா மிக அதிகம். மெதுவாக வளரும், அரிதாகத்தான் பரவும், ஆனால் விட்டால் மூக்கையோ இமையையோ தின்றுவிடும். அடுத்தது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. இது பரவக்கூடியது. மூன்றாவது மெலனோமா. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஆளைக் கொல்வதில் முதலிடம். முதல் இரண்டும் எவ்வளவு சாதாரணம் என்றால், ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் அவற்றைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏற்றுவதே இல்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். காரணம் சன்ஸ்கிரீனா?

அந்த நாட்டிலேயே விடை இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளாக அதே வெயிலில் வாழும் பூர்வகுடி மக்களுக்கு இந்தப் புற்றுகள் மிகக் குறைவு. பிரிட்டன், அயர்லாந்து போன்ற மங்கலான வெயில் நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்களின் சந்ததிக்குத்தான் அதிகம். சரி, வெயில்தான் வித்தியாசமா என்றால் அதுவும் இல்லை. பிரிஸ்பேன் நிலநடுக்கோட்டிலிருந்து 27 பாகை தள்ளி இருக்கிறது, சென்னை 13 பாகைதான். நம் வெயில் அவர்கள் வெயிலுக்கு இளைத்ததல்ல. மாறுவது தோல்.

சன்ஸ்கிரீனைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். குவீன்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில், 1992இல் தொடங்கி நாலரை ஆண்டுகள், சுமார் 1,600 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதியினர் தினமும் பூசவேண்டும். மறு பாதியினர் வழக்கம்போல, தோன்றினால் பூசலாம். தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் வகைப் புற்று ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. பேசல் வகையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேலும் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது மெலனோமா பாதியாகியிருந்தது. புற்றுநோயைக் கொடுக்கும் பொருள் புற்றுநோயைப் பாதியாக்குமா? நெருப்புப் பிடித்த வீட்டில் தண்ணீர் வாளிகள் நிறைய இருக்கின்றன, ஆகவே தண்ணீர்தான் நெருப்புக்குக் காரணம் என்று சொல்வது போன்ற வாதம் இது. இன்ஜினியர்கள் கவனிக்கவும்.

அடுத்து, நம் தாத்தா. அவரை நடுவில் இழுத்ததால் சொல்கிறேன். தாத்தா விடியலில் ஏர் பூட்டினார், வெயில் ஏறுமுன் அவிழ்த்தார். தலையில் முண்டாசு கட்டினார். உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் துண்டை விரித்தார். பிள்ளைகள் அந்நேரம் வெளியே போனால் "உச்சியில முனி இருக்கும்" என்று பயமுறுத்தித் திண்ணையில் உட்காரவைத்தார். வெயிலுக்கு அஞ்சத் தெரிந்த மனிதர் அவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்தவெளியில் பிள்ளைகளை நிற்கவைத்துச் சிறப்பு விருந்தினருக்காகக் காக்கவைக்கும் நம்மை அவர் பார்த்தால் கோவணத்தை இறுக்கிக்கொண்டு அடிக்க வருவார்.

ஆனாலும் அந்தச் செய்தியில் ஒரு பாதி சரி. அதை மறைக்க மாட்டேன். மெலனின் என்ற நிறமிதான் நம் கறுப்பு. அதைத் தயாரிக்கும் செல்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான். தயாரிக்கும் அளவும் தரமும் பரப்பும் விதமும்தான் வேறு. தோல் செல்லின் உட்கருவுக்கு மேல் அந்த நிறமி குடைபோலக் கவிந்து நிற்கிறது. புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைத் தாக்கி எழுத்துப் பிழை உண்டாக்கும். அப்பிழைகள் திருத்தப்படாமல் சேர்ந்தால்தான் புற்று. குடை இருந்தால் பிழை குறையும். அதனால்தான் இந்தியாவில் வரும் எல்லாப் புற்றுநோய்களிலும் தோல் புற்று ஒன்றிரண்டு சதவீதம் மட்டுமே. ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் நாள்தோறும் பார்க்கும் அந்த உப்புத்தாள் திட்டு, நம் ஊர்த் தோல் மருத்துவரிடம் எப்போதாவதுதான் வரும்.

ஆகவே களிம்பு விற்கும் வெள்ளைக் கோட்டுக்காரருக்கும் ஒரு சொல். கறுத்த தோலுள்ள கல்லூரிப் பெண்ணிடம் ஆஸ்திரேலியக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவது நேர்மையில்லை. வெயிலில் மங்கு வருகிறது, முகம் கறுத்துத் திட்டாகிறது, அதைத் தடுக்கப் பூசுங்கள் என்றால் அது ஒரு நியாயமான பேச்சு. புற்றுநோய் என்று சொல்லி உள்ளே விற்பது "வெளுத்துப் போவாய்" என்ற பழைய ஆசையைத்தான். 1975இல் இங்கே கடைக்கு வந்த ஒரு சிவப்பழகுக் களிம்பு 2020இல் பெயரில் இருந்த "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டது. பெயர் மாறியது, ஆசை மாறவில்லை. நம் கவசத்தையே குறை என்று சொல்லி விற்கும் வியாபாரம் இது. பெண் பிள்ளைகளே, ஏமாறாதீர்கள்.

இப்போது மறு பாதிக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

"கறுப்புத் தோலுக்குத் தோல் புற்று வராது" என்பது பொய். வெயிலால் வருவது குறைவு என்பதுதான் சரி. நமக்கு வெயில் படாத இடத்திலும் வருகிறது. உள்ளங்காலில், நகத்துக்கு அடியில், பழைய தீக்காயத் தழும்பில், வருடக்கணக்கில் ஆறாத புண்ணில். பாடகர் பாப் மார்லியைப் பல பேருக்குத் தெரியும். கால் விரல் நகத்தடியில் கறுப்பாக வந்ததைக் கால்பந்தில் பட்ட அடி என்று நினைத்தார்கள். அது மெலனோமா. 1981இல் 36 வயதில் இறந்துபோனார். காஷ்மீரில் குளிருக்கு வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கணப்புச் சட்டியால் தொடையிலும் வயிற்றிலும் புற்று வருவது நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். இடுப்பில் இறுக்கிக் கட்டிய வேட்டி பல வருடம் உரசி உரசி அந்த இடத்தில் வரும் புற்றை 1945லேயே மும்பை மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். "வேட்டிப் புற்று" என்றே பெயர். பிறகு "சேலைப் புற்று" என்றும் வந்தது. நம் அம்மாக்கள் பாவாடை நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டுவார்கள், அந்த இடம் எப்படிக் கறுத்துத் தடித்துப் போயிருக்கும் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நாடாவைத் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். கறுத்த இடம் வெடித்துப் புண்ணானால் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் சித்தப்பா ஒருவர் குதிகாலில் கறுப்பாக வந்ததைக் கால் ஆணி என்றார். எருக்கம்பால் வைத்தார். பிளேடால் சீவினார். பிளாஸ்திரி ஒட்டினார். இரண்டு வருடம் போயிற்று. தொடையிடுக்கில் நெறிகட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவர் இருந்த வரைக்கும் அடிக்கடி சொன்னது, "நமக்கெல்லாம் இது வரும்னு யார் கண்டா?" என்பதுதான். வெள்ளைக்காரருக்கு மெலனோமா வருவது அதிகம். ஆனால் பயந்து சீக்கிரம் காட்டிவிடுகிறார், பிழைத்துக்கொள்கிறார். நமக்கு வருவது குறைவு. "வராது" என்ற தைரியத்தில் தாமதமாகப் போகிறோம், போய்ச் சேர்ந்துவிடுகிறோம். இந்தத் தைரியத்தைத்தான் நீங்கள் பத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அந்த 1994 செட்டில் படித்த ஒரு பெண், அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தனியாகப் பேசினாள். பெயர் சொல்ல மாட்டேன். பிறவியிலேயே நிறமி இல்லாதவள். அல்பினிசம் என்பார்கள். முடி, புருவம், தோல் எல்லாம் வெள்ளை. நீங்கள் அவளை "வெள்ளைக்காரி" என்று கூப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது, உங்களுக்கும் நினைவிருக்கும். போன வருடம் அவள் கீழுதட்டிலும் காது மடலிலும் புண் வந்து, வெட்டியெடுத்தார்கள். ஸ்குவாமஸ் வகைப் புற்று. அவள் கேட்டாள்: "டீச்சர், நமக்கெல்லாம் வராதுன்னு போட்டிருக்காங்க. அந்த 'நமக்கு'ல நான் இல்லையா?"

உங்களுக்கு இலக்கணம் நடத்தியிருக்கிறேன். "நாங்கள்" என்றால் கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்வது. "நாம்" என்றால் கேட்பவரையும் உளப்படுத்திச் சொல்வது. இந்த வேறுபாடு தமிழுக்கு இருக்கும் பெரிய சொத்து. "நமக்கு வராது" என்று எழுதியவர் அவளையும் உள்ளே வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். அப்படியானால் அந்த வாக்கியம் பொய். அவளை வெளியே வைத்து எழுதியிருந்தால் அது பொய்யைவிடக் கேவலம்.

கவசம் இல்லாமல் பிறந்தவர்களுக்கு நம் ஊர் வெயில் ஆஸ்திரேலிய வெயிலைவிடக் கொடியது. தான்சானியாவில் அல்பினிசம் உள்ளவர்கள் பலர் நாற்பது வயதைத் தாண்டுவதற்குள் தோல் புற்றால் இறந்துபோகிறார்கள். அங்கே கிளிமஞ்சாரோ பகுதியில் உள்ள தோல் மருத்துவப் பயிற்சி மையத்தில் அவர்களுக்கென்றே சன்ஸ்கிரீன் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். இங்கே அது அழகுசாதனக் கணக்கில் வருகிறது. லிப்ஸ்டிக்கோடு ஒரே அலமாரியில் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் அம்மா எப்படி வாங்குவாள்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. குறைபார்வை இருக்கிறது. அல்பினிசம் என்று தனியாக இல்லை. பார்வைக் குறைவை வைத்துச் சான்றிதழ் வாங்கலாம், தோலை வைத்து வாங்க முடியாது. உயிரைக் குடிப்பதோ தோல்.

இந்த இடத்தில் உறவினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அல்பினிசம் சாபமும் இல்லை, கிரகண தோஷமும் இல்லை. பெற்ற தாயைக் குற்றம் சொல்வதை நிறுத்துங்கள். அப்பா, அம்மா இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுப் பிழை பிள்ளைக்கு இரட்டையாகச் சேரும்போது வருவது அது. இருவரும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. டி.என்.ஏ.வில் வெயில் செய்த பிழையைத் திருத்தவே முடியாமல், பத்து வயதுக்குள் தோல் புற்று வரவைக்கும் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய நோயும் இதே வழியில்தான் வருகிறது. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிப்பதில் இந்த மறைந்த பிழைகள் ஒன்றோடொன்று சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் இன்னும் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காகப் பிள்ளையின் தோலை அடகு வைக்காதீர்கள். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்பவர்கள் திருப்பிக்கொள்ளலாம்.

ஆசிரியராக வேலை பார்க்கும் என் மாணவர்கள் பன்னிரண்டு பேராவது இதைப் படிப்பீர்கள். உங்கள் பள்ளியில் நிறமியில்லாத பிள்ளை இருந்தால், காலை வணக்கக் கூட்டத்தில் நிழலில் நிறுத்துங்கள். விளையாட்டுப் பாடவேளையை அந்தப் பிள்ளைக்கு மதியம் வைக்காதீர்கள். அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும் சீருடை விதிக்கு எதிரானவை என்று வாசலில் நிறுத்தாதீர்கள். முன் பெஞ்சில், ஜன்னல் கூசாத பக்கம் உட்காரவையுங்கள். பலருக்குக் கண் பார்வையும் குறைவாக இருக்கும், வெளிச்சம் கூசும். "அவளுக்கு மட்டும் என்ன சலுகை?" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். சலுகை இல்லை, நிழல் என்று சொல்லுங்கள்.

சிட்னி, பிரிஸ்பேனில் இருக்கும் பிள்ளைகளே, அங்கே பள்ளிகளில் தொப்பி இல்லாவிட்டால் விளையாட விடமாட்டார்கள் என்று முணுமுணுக்கிறீர்கள். 1981இல் ஒரு கடற்பறவைப் பொம்மையை வைத்துச் சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று பாட ஆரம்பித்த நாடு அது. உங்கள் பிள்ளையின் தோலுக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் பக்கத்தில் விளையாடும் செம்பட்டை முடிப் பிள்ளைக்கு ஆபத்து நிஜம். விதி எல்லோருக்கும் என்று இருந்தால்தான் அந்தப் பிள்ளை தனியாகத் தெரியாது. தொப்பியை மாட்டி அனுப்புங்கள்.

"வைட்டமின் டி?" என்று யாராவது கேட்பீர்கள். காலையில் கொஞ்ச நேரம் நடங்கள். யாரும் உங்களை இருட்டறையில் அடைக்கவில்லை.

மற்ற எல்லோரும் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை குளித்துவிட்டு வந்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். அப்பா, அம்மாவுக்குக் குனிய முடியாது, நீங்கள் பாருங்கள். நகத்தில் புதிதாக அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, வடிவம் மாறும் மச்சம், பழைய தழும்பில் திடீரென்று வெடித்த புண், வெயிலில் வேலை செய்பவரின் கீழுதட்டில் ஆறாத வெடிப்பு, முகத்தில் மச்சம் போல வந்து நடுவில் குழிந்து கசியும் கட்டி, எதுவானாலும் நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். தோல் பிரிவின் பலகையில் தொழுநோய், பால்வினை நோய் என்று சேர்ந்து எழுதியிருக்கிறதே, யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கப்பட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். பலகையைப் பார்த்து வெட்கப்பட்டால் உயிர் போகும்.

அரசுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அல்பினிசம் உள்ளவர்களுக்கு சன்ஸ்கிரீனும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும், சர்க்கரை மாத்திரை கிடைப்பதுபோல. நம் மாணவர்களில் அரசு அலுவலகங்களில், பத்திரிகைகளில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். கோப்பை நகர்த்தத் தெரிந்தவர்கள் நகர்த்துங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கடைசியாக, அந்தச் செய்தியை அனுப்பியவர்களுக்கு. நீக்கிவிட்டால் மட்டும் போதாது. யார் யாருக்கு அனுப்பினீர்களோ அந்தப் பத்துப் பேருக்கும், "நான் அனுப்பியது தவறு, கறுப்புத் தோலுக்கும் வரும், உள்ளங்காலைப் பாருங்கள்" என்று திரும்ப எழுதுங்கள். தப்பாக எழுதிய சொல்லைப் பத்துத் தடவை எழுதிவரச் சொல்வது என் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுப்பாடம் இதுதான். தம்பி, உனக்கும் சேர்த்துத்தான்.

கருத்துப் பெட்டி திறந்திருக்கிறது. திட்டுவதானாலும் எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுங்கள்.